முதலில் தோலைக் கேளுங்கள்



பேச்சைத் தொடங்குமுன் இந்த மேசையைப் பாருங்கள். பையிலிருந்து மூன்று பொருள்களை எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு சோப்பு. ஒரு தேங்காய் எண்ணெய்ப் பாட்டில். ஒரு குடை. இந்த நூலக வாசகர் வட்டத்தின் அவைத் தலைவர் குனிந்து என் காதில் கேட்டார்: "டாக்டரம்மா, மழை வர்ற மாதிரியே இல்லையே, குடை எதுக்கு?" கடைசியில் சொல்கிறேன் ஐயா என்றேன். அதையும் சேர்த்துத்தான் இன்றைய பேச்சு. தலைப்பு, அவரவர் தோலுக்கு அவரவர் பராமரிப்பு.

அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் 30 ஆண்டுகள் உட்கார்ந்திருந்தேன். அந்த 30 ஆண்டுகளில் நான் அதிகம் கேட்ட கேள்வி எது தெரியுமா? அரிப்பைப் பற்றியதும் இல்லை, படர்தாமரையைப் பற்றியதும் இல்லை. சீட்டை வாங்கிக்கொண்டு, நாற்காலியை விட்டு எழுந்து, கதவு வரைக்கும் போய், திரும்பி நின்று கேட்பார்கள்: "டாக்டரம்மா, முகத்துக்கு எந்த க்ரீம் நல்லது?"

விவசாயம் செய்கிறவரிடம் போய், எந்த விதை நல்ல விதை என்று கேட்டுப் பாருங்கள். உடனே பதில் சொல்லமாட்டார். "உங்க மண்ணு என்ன மண்ணு? கரிசலா, செம்மண்ணா, வண்டலா? தண்ணி எப்படி, நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?" என்று திருப்பிக் கேட்பார். மண்ணைக் கேட்காமல் விதையைச் சொல்கிறவர் விவசாயியா? அவர் விதைக் கடைக்காரர்! தோலும் அப்படித்தான். முதலில் தோலைக் கேளுங்கள். பிறகு கடையைக் கேளுங்கள். இந்த ஒரு வாக்கியத்தை வீட்டுக்கு எடுத்துப் போனால் போதும், நான் வந்த வேலை முடிந்தது.

அப்படியானால் தோல் என்பது என்ன? வளர்ந்த ஒருவரின் தோலை விரித்துப் போட்டால் ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் வரும். ஒருவர் படுக்கும் கோரைப்பாய் அளவு. அதன் மேல்பகுதியில், காகிதத்தைவிட மெல்லியதாக ஓர் அடுக்கு இருக்கிறது. அதுதான் நம் மதில் சுவர். உயிரிழந்த செல்கள் பதினைந்து இருபது வரிசையாகச் செங்கல் மாதிரி அடுக்கியிருக்கின்றன. செங்கல்லுக்கு நடுவே சாந்து வேண்டாமா? அந்தச் சாந்து, தோல் தானே செய்துகொள்ளும் ஒருவகைக் கொழுப்பு. உள்ளே இருக்கும் நீர் வெளியே போகாமலும், வெளியே இருக்கும் கிருமியும் தூசியும் உள்ளே வராமலும் காப்பது இந்தச் சுவர்தான். கீழிருந்து புதிய செல் கிளம்பி மேலே வந்து உதிர ஏறக்குறைய நான்கு வாரம் ஆகிறது. ஆகவே, "மூன்றே நாளில் புதிய முகம்" என்று எந்த விளம்பரமாவது சொன்னால், கொத்தனார் மூன்று நாளில் மூன்று மாடி கட்டித் தருகிறேன் என்று சொன்னதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, தோலைக் கேட்பது எப்படி? அதற்கு வாய் இருக்கிறதா? இருக்கிறது. அரை மணி நேரம் பொறுமை இருந்தால் பேசும்.

இன்று இரவே செய்து பாருங்கள். காரமில்லாத ஃபேஸ்வாஷ் ஒன்றால் முகத்தைக் கழுவுங்கள். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பிறகு எதையும் பூசாதீர்கள். பவுடர் வேண்டாம், எண்ணெய் வேண்டாம், ஏ.சி. அறையும் வேண்டாம். அரை மணி கழித்து ஒரு மெல்லிய தாளை நெற்றியில் ஒரு முறை, மூக்கில் ஒரு முறை, கன்னத்தில் ஒரு முறை அழுத்தி எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். பஜ்ஜி மடித்த தாள் எப்படி இருக்கும்? எண்ணெய் பட்ட இடம் கண்ணாடி மாதிரி தெரியும் அல்லவா? அதைத்தான் தேடுகிறோம்.

தாளில் மூன்று இடத்திலும் எண்ணெய் தெரிந்தால் உங்களுடையது எண்ணெய்த் தோல். நெற்றியிலும் மூக்கிலும் மட்டும் தெரிந்து, கன்னம் காய்ந்திருந்தால் கலப்புத் தோல். எங்கும் எண்ணெய் இல்லை, சிரித்தால் கன்னம் இழுத்துப் பிடிக்கிறது, மாவு பூத்த மாதிரி இருக்கிறது என்றால் வறண்ட தோல். எண்ணெயும் இல்லை, இழுப்பும் இல்லை என்றால் சாதாரணத் தோல். கொடுத்து வைத்தவர் நீங்கள். இவை எல்லாவற்றுக்கும் குறுக்கே இன்னொரு குணம் உண்டு. எதைப் போட்டாலும் எரிகிறது, சிவக்கிறது என்றால் அது சுணைக்கும் தோல். அது எண்ணெய்த் தோலாகவும் இருக்கலாம், வறண்ட தோலாகவும் இருக்கலாம்.

ஒரு முறை கேட்டுவிட்டால் ஆயுளுக்கும் போதுமா? போதாது. பதினாறு வயதில் எண்ணெய் வடிந்த முகம் அறுபதில் காய்ந்து கிடக்கும். சென்னைப் புழுக்கத்தில் பளபளத்த கன்னம் ஊட்டியில் உதிரும். ஆகவே பருவம் மாறும்போது, ஊர் மாறும்போது, வயது மாறும்போது மறுபடி கேளுங்கள்.

கேட்டாயிற்று. இனி வேலை. எத்தனை வேலை? மூன்றே மூன்று. அளவாகக் கழுவுவது. ஈரத்தைக் காப்பது. வெயிலை மறைப்பது. பத்துப் புட்டி வேண்டாம், பன்னிரண்டு படி வேண்டாம். மூன்று வேலை.

முதல் வேலை, கழுவுவது. இதோ, மேசையில் இருக்கும் சோப்பு.

விடுதியில் தங்கிப் படிக்கும் பெண் ஒருத்தி வந்தாள். முகம் நிறையப் பரு. "எண்ணெய் வழியுது டாக்டர், அதனால ஒரு நாளைக்கு ஆறு தடவை சோப்புப் போட்டுக் கழுவுறேன்" என்றாள். குரலில் பெருமை. அருகில் போய்ப் பார்த்தால் நெற்றியில் எண்ணெய் மின்னுகிறது, வாயோரத்தில் தோல் உரிகிறது. பருவுக்கு எழுதிக் கொடுத்த மருந்து எரிகிறது என்று நிறுத்திவிட்டாள். ஏன் எரியாது? அவள் கழுவியது எண்ணெயை மட்டுமா? செங்கல்லுக்கு நடுவே இருந்த சாந்தையும் சேர்த்துக் கழுவிவிட்டாள்!

நல்ல தோலின் மேற்பரப்பில் இலேசான அமிலத்தன்மை உண்டு, பி.எச். அளவு ஏறக்குறைய 5. சாதாரண சோப்புக் கட்டியோ 9, 10 என்று காரத்தில் நிற்கும். சோப்பு உறையைத் திருப்பிப் பாருங்கள், டி.எஃப்.எம். என்று போட்டு ஒரு சதவீதம் இருக்கும். மொத்தக் கொழுப்புப் பொருள் எவ்வளவு என்ற கணக்கு அது. 76 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் முதல் தரம். உடம்புக்கு வாங்கும்போது அதைப் பார்த்து வாங்குங்கள். ஆனால் முதல் தரச் சோப்பும் காரம்தான். முகத்துக்கு, அதிலும் வறண்ட முகத்துக்கு, காரமில்லாத ஃபேஸ்வாஷ் நல்லது. எண்ணெய்த் தோலுக்கு நுரைக்கும் ஜெல், வறண்ட தோலுக்கு நுரைக்காத லோஷன். காலை ஒன்று, இரவு ஒன்று. நடுவில் வியர்த்தால் வெறும் தண்ணீர். அவ்வளவுதான்.

தண்ணீர் என்றதும் நினைவு வருகிறது. நம் ஊர்களில் பாதி வீட்டில் போர் தண்ணீர். சோப்பு நுரைக்கவே நுரைக்காது. பக்கெட்டின் ஓரத்தில் வெள்ளையாகத் திட்டு படியும். அந்தத் திட்டு பக்கெட்டில் மட்டுமா படிகிறது? தோலிலும் படிகிறது. உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் சோப்பும் சேர்ந்து செய்யும் வேலை அது. குளித்து முடித்ததும் உடம்பு அரிக்கிறது என்றால், க்ரீமைத் தேடுமுன் கடைசி இரண்டு செம்பை மட்டும் நல்ல தண்ணீரில் ஊற்றிப் பாருங்கள்.

"பாசிப்பயறு மாவு போடலாமா?" என்று கேட்கப்போகிறீர்கள். போடலாம். நன்றாகச் சலித்த மாவாக இருக்கட்டும், பாத்திரம் துலக்குகிற மாதிரி தேய்க்காமல் தடவிக் கழுவுங்கள், பரு இருக்கும் இடத்தில் வேண்டாம். எலுமிச்சம்பழம்? அது ரசத்துக்கு, ஊறுகாய்க்கு. அதன் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளித்துக் கறுப்புத் தடம் விழும். முகம் ஊறுகாய் ஜாடி இல்லை!

இரண்டாவது வேலை, ஈரத்தைக் காப்பது. இங்கேதான் பெரிய குழப்பம். "எனக்கு எண்ணெய் வழியுது, எனக்கு எதுக்கு மாய்ஸ்சரைசர்?" என்று கேட்பார்கள். எண்ணெய் வேறு, ஈரம் வேறு. ஈரம் என்பது தோலுக்குள் இருக்கும் நீர். எண்ணெய் என்பது சுரப்பியிலிருந்து மேலே வருவது. எண்ணெய் மிதக்கும் முகத்திலும் சுவர் காய்ந்து கிடக்கலாம். அந்த விடுதிப் பெண்ணின் முகம் அப்படித்தான் இருந்தது. அவளுக்குச் சோப்பை நிறுத்தி, எண்ணெய் சேராத இலேசான ஜெல் மாய்ஸ்சரைசர் ஒன்றைச் சேர்த்தேன். எரிச்சல் அடங்கியது. அதன் பிறகுதான் பரு மருந்தை அவளால் தொடர்ந்து போட முடிந்தது.

சோற்றுப் பானையை மூடுகிறோமே, எதற்கு? உள்ளே இருக்கும் ஈரம் போகாமல் இருக்க. காய்ந்துபோன சோற்றின் மேல் தட்டை வைத்து மூடினால் சோறு மலருமா? மலராது. மாய்ஸ்சரைசர் அந்த மூடி. ஈரம் இருக்கும்போதே மூட வேண்டும்.

இதை எனக்கு உணர்த்தியது என் சொந்த வீடு. மார்கழி வந்தால் என் அம்மாவுக்கு இரண்டு காலும் அரிக்கும். முழங்காலுக்குக் கீழே நகத்தால் கீறினால் சிலேட்டில் எழுதிய மாதிரி வெள்ளைக் கோடு விழும். நான் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். க்ரீம் வாங்கிக் கொடுத்தேன். அவர் இரவு படுக்கும்போது, காய்ந்த காலில் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் குளியலறை வாசலில் நின்று பார்த்தேன். கொதிக்கக் கொதிக்க வெந்நீர், காலுக்குக் கூடுதலாக சோப்பு. "கால் அழுக்குன்னு அரிக்குதோ என்னமோ" என்றார். வெந்நீரை வெதுவெதுப்பாக்கினேன். காலுக்கு சோப்பை நிறுத்தினேன். துண்டால் ஒற்றிய கையோடு, ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெய். பத்து நாளில் அரிப்பு போயிற்று. அம்மா என்ன சொன்னார் தெரியுமா? "இதுக்கா உன்னை டாக்டருக்குப் படிக்க வெச்சோம்?"

ஆக, இதோ இந்தத் தேங்காய் எண்ணெய் நல்லதுதான். யாருக்கு? வறண்ட உடம்புக்கு. எங்கே? கையில், காலில். பரு வரும் முகத்தில் பூசினால் அதே எண்ணெய் துவாரத்தை அடைக்கும். இன்னும் ஒன்று. தலைக்குச் சொட்டச் சொட்ட எண்ணெய் வைத்துப் படுக்கிறோம்; அது நெற்றிக்கு இறங்குகிறது. நெற்றியின் மேல்வரம்பில், முடியோரமாக மட்டும் பொடிப் பொடியாகப் பரு இருக்கும் பிள்ளைகள் இங்கே எத்தனை பேர்? கையைத் தூக்க வேண்டாம், எனக்கே தெரிகிறது! இரண்டு மாதம் எண்ணெயைக் குறைத்து, தலையணை உறையை அடிக்கடி மாற்றிப் பாருங்கள். ஒரே பாட்டில், அம்மாவின் காலுக்கு மருந்து, மகளின் நெற்றிக்கு வினை. இதற்காகத்தான் சொல்கிறேன், முதலில் தோலைக் கேளுங்கள்.

வறண்ட முகத்துக்குக் கிளிசரின் சேர்ந்த கட்டியான க்ரீம் போதும். உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பியே கிடையாது. அதனால்தான் குதிகால் வெடிக்கிறது. அதற்கு இரவில் கால் கழுவி, பெட்ரோலியம் ஜெல்லி தடவி, பழைய சாக்ஸ் ஒன்றை மாட்டிக்கொண்டு படுங்கள். அந்த ஜெல்லி, ராபர்ட் செஸ்பரோ என்ற அமெரிக்கர் 1872-ல் காப்புரிமை வாங்கிய பொருள். ஈரத்தை மூடி வைப்பதில் அதற்கு இணையான விலை உயர்ந்த க்ரீமைத் தேடத்தான் வேண்டும்.

மூன்றாவது வேலைக்கு வருகிறேன். வெயிலை மறைப்பது.

2012-ல் ஒரு மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. அமெரிக்காவில் 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய, 69 வயதுக்காரரின் முகம். அங்கே ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம். அவருடைய இடக்கன்னம் முழுக்க ஆழ்ந்த சுருக்கம். வலக்கன்னம் பத்துப் பதினைந்து வயது இளைய மனிதரின் கன்னம் போல. ஒரே ஆள், ஒரே முகம், ஒரே வயது. நடுவில் ஜன்னல் கண்ணாடி! வெயிலில் இரண்டு வகைப் புற ஊதாக் கதிர்கள் தோலைத் தொடுகின்றன. யு.வி.பி. மேலே சுடும், கண்ணாடி அதைப் பெரும்பாலும் தடுத்துவிடும். யு.வி.ஏ. சுடாமலே ஆழமாகப் போகும், கண்ணாடியையும் தாண்டும். நம் ஊரில் ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம். பேருந்து ஓட்டும் அண்ணன்கள் யாராவது இருந்தால் இரண்டு கையையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். வலக்கை தனியாகக் கறுத்திருக்கும்.

சன்ஸ்கிரீன் வாங்கும்போது எஸ்.பி.எஃப். என்று ஓர் எண் இருக்கும். அது யு.வி.பி.க்கான கணக்கு. 30 என்றால் ஏறக்குறைய 97 சதவீதம் தடுக்கும். 50 என்றால் 98. ஒரே ஒரு சதவீதத்துக்கு எவ்வளவு கூடுதல் காசு என்று நீங்களே கணக்குப் பாருங்கள். யு.வி.ஏ.க்குப் பி.ஏ. என்ற எழுத்துக்குப் பக்கத்தில் கூட்டல் குறிகளை எண்ணுங்கள், குறைந்தது மூன்று இருக்கட்டும். எண்ணைவிட முக்கியம் அளவு. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் ஒரு கோடு பிதுக்கினால் அது முகத்துக்கும் கழுத்துக்கும் அளவு. பட்டாணி அளவு வைத்துவிட்டு "பலன் இல்லை" என்றால் எப்படி? வெளியில் வேலை என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி பூச வேண்டும். எண்ணெய்த் தோலுக்கு ஜெல், வறண்ட தோலுக்கு க்ரீம், சுணைக்கும் தோலுக்குத் துத்தநாக ஆக்சைடு சேர்ந்தது.

அன்பர்களே, பூசுவதைப் பேசினோம். இனிப் பூசக் கூடாததைப் பேசவேண்டும். இதைச் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்கக் கூடாது.

1975 என்ற ஆண்டை நினைவில் வையுங்கள். அந்த ஆண்டில் அமெரிக்கத் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக், வெயிலில் யாருடைய தோல் எவ்வளவு சுடுகிறது, எவ்வளவு கறுக்கிறது என்று வகை பிரித்தார். நம்மைப் போன்ற பழுப்பு, கறுப்புத் தோல்களுக்கான இடம் அந்தப் பட்டியலில் பின்னால்தான் சேர்ந்தது. அதே 1975-ல் நம் நாட்டில் ஃபேர் அண்ட் லவ்லி கடைக்கு வந்தது. அங்கே தோலை வகை பிரித்தது, நோயாளிக்கு எவ்வளவு ஒளிச்சிகிச்சை கொடுக்கலாம் என்று கணிக்க. இங்கே நிறத்தை அளந்தது எதற்கு? பெண் பார்க்க! 2020-ல் அதன் பெயரிலிருந்து சிவப்பழகைக் குறித்த அந்தச் சொல் போயிற்று. நம் வீட்டுப் பேச்சிலிருந்து போயிற்றா?

என் தவறு ஒன்றையும் சொல்கிறேன். கழுத்தில் கரப்பான் வந்த ஒரு பெண்ணுக்கு ஸ்டீராய்டு களிம்பு எழுதினேன். "இரண்டு வாரம்" என்று சீட்டில் எழுதினேன், வாயால் சொல்லவில்லை. வெளியே கூட்டம், எனக்கு அவசரம். பூசிய இடம் வெளுத்ததைக் கண்டு அவர் முகத்துக்கும் பூசினார். தங்கைக்கும் கொடுத்தார். தங்கை எதிர்வீட்டுக் கல்யாணப் பெண்ணுக்குச் சொன்னார். ஓராண்டு கழித்து மூன்று பேரும் ஒன்றாக வந்து உட்கார்ந்தார்கள். கன்னம் நெருப்பாகச் சிவந்து, இரத்தக் குழாய் நூல் நூலாகத் தெரிந்து, உதட்டுக்கு மேலே முடி, தாடையில் பரு. நிறுத்தினால் எரிகிறது, பூசினால் வளர்கிறது. அந்தக் களிம்பு சாந்தையும் செங்கல்லையும் சேர்த்து மெலிய வைத்திருந்தது. மீட்க மாதக்கணக்கில் ஆயிற்று. 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆணையிட்டது. சட்டம் இருக்கிறது. ஆனால் ஒரு ட்யூப் தெருவில் கைமாறுவதை எந்தச் சட்டம் பார்க்கும்? நாம்தான் பார்க்க வேண்டும். இன்னொருவர் களிம்பை வாங்கிப் பூசாதீர்கள். தயாரித்தவர் பெயரும் சேர்மானமும் அச்சடிக்காத வெளுப்பு க்ரீமைத் தொடாதீர்கள். பாதரசம் இருக்கலாம், அது சிறுநீரகத்தைத் தொடும்.

கேட்டதைத் தொகுத்துக்கொள்வோமா? காலையில் கழுவுங்கள், ஈரம் காயுமுன் மாய்ஸ்சரைசர், வெளியே கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பு சன்ஸ்கிரீன். இரவில் கழுவுங்கள், மாய்ஸ்சரைசர், தூக்கம். சீரம் வேண்டுமா? இந்த மூன்றும் பழகி நான்கு வாரம் ஆகட்டும். பிறகு ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் சேருங்கள். முழங்கையின் உட்புறத்தில் சில நாள் பூசிப் பார்த்துவிட்டுச் சேருங்கள். கர்ப்பிணிகள் ரெட்டினால் வகையை ஒதுக்குங்கள். வடு விழும் பரு, படரும் மங்கு, நிறம் மாறும் மச்சம், ஆறாத புண் இவற்றுக்குக் கடை வேண்டாம், மருத்துவரிடம் வாருங்கள்.

கடைசியாகத் தலைவரின் கேள்வி. குடை எதுக்கு?

நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்ற பொருள். நுண்ணோக்கியில் பார்த்தால் அது கண்டபடி சிதறிக் கிடப்பதில்லை. ஒவ்வொரு செல்லுக்கும் நடுவில் கரு இருக்கிறது அல்லவா, நம் பரம்பரைக் குறிப்பு எழுதிய இடம், அதன் உச்சியில் போய்க் குவிந்து நிற்கிறது. வெயில் வரும் பக்கமாக! செல்லுக்குச் செல் ஒரு கறுப்புக் குடை. மாணவியாக முதன்முதலில் அதைப் பார்த்த நாளில், "நீ மட்டும் ஏண்டி இப்படிக் கறுப்பா பொறந்தே" என்று என்னைக் கேட்ட அத்தைகள் அத்தனை பேருக்கும் மனதுக்குள் பதில் சொல்லிக்கொண்டேன்.

அந்தக் குடை நல்ல குடைதான். ஆனால் சித்திரை மாத உச்சி வெயில் முழுவதையும் அது ஒன்றே தாங்காது. அதனால்தான் ஐயா இந்த இரண்டாவது குடை. மழைக்குக் கொண்டுவரவில்லை. நாளைக் காலை 10 மணி வெயிலில் நான் ரேஷன் கடைக்குப் போகவேண்டும்.

பிறக்கும்போதே விரிந்த குடையை மடக்கப் பார்க்காதீர்கள். கடையில் வாங்கிய குடையை விரிக்க மறக்காதீர்கள்.